ஒரு தாதியின் ஆய்வும் என் அம்மம்மாவும்

சமூகவியலைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் எவரும் கிளேசர், ஸ்ட்ராஸ் என்னும் இரு பெயர்களை அறியாமல் ஆய்வு முறைகள் பற்றிய வினாத்தாளுக்கு விடையெழுத முடியாது. முன்கூட்டியே வகுத்துக்கொண்ட கோட்பாட்டைக் களத்திலே கொண்டுபோய்ச் சோதிப்பதை விடுத்து, களத்திலே கண்டவற்றிலிருந்து கோட்பாட்டை எழுப்புதல் வேண்டும் என்று 1967ஆம் ஆண்டில் நூலெழுதி நிலைநாட்டியவர்கள் அவர்கள். பரீட்சைக்குப் பத்துப் புள்ளி தேடும் நோக்குடனேயே நானும் அவர்களை நாடி நூலகத்துக்குச் சென்றேன். அம்முறை எந்தக் களத்திலே பிறந்தது என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. சான்பிரான்சிஸ்கோ நகரிலும் அதன் அயலிலும் இருந்த ஆறு வைத்தியசாலைகளில், இறக்குந் தறுவாயில் இருந்த நோயாளரின் கட்டிலருகே அது பிறந்தது என்று அறிந்தபோது, முறைநூலை அலுமாரியிலேயே விட்டுவிட்டு, 1965ஆம் ஆண்டில் அவ்விருவரும் எழுதிய மற்றொரு நூலைக் கையிலெடுத்தேன். இறப்பை அறிதல் பற்றிய நூல் அது. அலுமாரியின் முன் நின்றபடியே அதன் முதல் அதிகாரங்களைப் படித்தேன். அதற்குக் காரணம் ஆய்வார்வம் அன்று. என் அம்மம்மாவை நாங்கள் நடத்திய விதம் அதிலே எழுதப்பட்டிருந்தது.

அக்கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்து வீட்டில் இருந்த காலம். அம்மம்மாவின் வலது மார்பில் ஒரு கட்டி இருந்தது. எவ்வளவு காலமாக இருந்தது என்பதை அவர் ஒருவரே அறிவார். கிணற்றடியில் குளித்து வரும்போது குறுக்குக்கட்டை வழமையிலும் மேலேற்றி இறுக்கிக் கட்டுகிறார் என்பதைக் கண்டு அம்மா கேட்டபோது, "ஒண்டுமில்லை, வேர்க்குரு" என்று சொல்லிவிட்டாராம். புண்ணாகி மணம் வந்த பின்னர்தான் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்தது. மாமா கொழும்பில் வேலை. வெள்ளவத்தையில் அவருடைய சிறிய அனெக்ஸில் அம்மம்மாவை வைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பதென்று முடிவாயிற்று. மாமாவுக்கு வேலைநாட்களில் லீவு எடுப்பது கடினம். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் நான் படித்த சிங்களத்தை நம்பி என்னைத் துணைக்கு அனுப்பினார்கள்.

பரிசோதனை முடிவுகள் வந்த நாளில் வைத்தியர் எங்கள் இருவரையும் இருத்தி விளக்கினார். அவரைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. வரிசையில் எழுபது பேர் காத்திருக்க, எங்களுக்காக அவர் செலவிட்ட நேரம் அதிகம். அவருக்குத் தமிழ் தெரியாது. என் சிங்களம் தடக்கும் என்று கண்டு மெதுவாகப் பேசினார். இது புற்றுநோய், எலும்புக்கும் ஈரலுக்கும் பரவிவிட்டது, மருந்து ஏற்றினால் கொஞ்சக் காலம் அடக்கி வைக்கலாம், ஆனால் மாற்ற முடியாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, என்னை "நங்கி" என்று அழைத்து ஒன்று கேட்டார். "ஆச்சியிடம் கேட்டுச் சொல்லுங்கள். இங்கே தங்கி மருந்து ஏற்றவும் செய்யலாம். வீட்டுக்குப் போய் நோவு இல்லாமல் இருக்க மருந்து தரவும் செய்யலாம். அவருக்கு எது விருப்பம்?"

முதல் நாள் இரவே மாமா சொல்லியிருந்தார்: "ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. தெரிஞ்சா நாளைக்கே போயிடுவா."

அம்மம்மா என் முகத்தைப் பார்த்து, "டொக்டர் என்ன பிள்ளை சொன்னவர்?" என்று கேட்டார்.

"கட்டி ஒண்டு, அம்மம்மா. மருந்து ஏத்தினாக் கரைஞ்சிடுமாம்."

"இவ்வளவு நேரம் கதைச்சவர். இதைத்தானோ சொன்னவர்?"

"ஓம்" என்றேன். பின்பு வைத்தியர் பக்கம் திரும்பி, ஆச்சிக்கு மருந்து ஏற்றுவதுதான் விருப்பமாம் என்று என் பள்ளிக்கூடச் சிங்களத்தில் சொன்னேன். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

நான்கு மாதம் மருந்து ஏற்றினார்கள். ஐந்தாம் மாதம், இனி வேண்டாம் என்று வைத்தியரே சொன்ன பிறகு, ஊருக்குக் கொண்டுவந்தோம். மூன்று கிழமையில் காலமானார். அன்று அம்மா அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, கூறைச்சேலை பெட்டியின் மேலே, வெள்ளைத் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. எப்போதும் அடியில் கிடப்பது அது. ஊருக்குத் திரும்பிய பின் அம்மம்மா படுக்கையை விட்டு எழுந்ததே இல்லை. ஆகவே கொழும்புக்குப் புறப்படும் முன்னரே, நாங்கள் தேடித் திரியக் கூடாதென்று, அதை எடுத்து மேலே வைத்திருக்கிறார்.

இனி நூலுக்கு வருகிறேன். இறக்கும் நோயாளரைச் சுற்றி அமையும் அறிதற் சூழல்களை அதன் ஆசிரியர்கள் நான்காக வகுத்தனர். நோயாளர் அறியார், சுற்றியுள்ளோர் யாவரும் அறிவர் என்பது ஒன்று. நோயாளர் ஐயுறுவார், ஏனையோர் ஐயத்தைத் தீர்க்காது தட்டிக் கழிப்பர் என்பது மற்றொன்று. மூன்றாவதில் இரு திறத்தாரும் அறிவர். ஆயினும் அறியாதார் போல ஒருவர் முன் ஒருவர் நடிப்பர். நான்காவது வெளிப்படை. இவற்றுள் மூன்றாவதைப் பற்றிய பகுதியே என்னை அதிகம் வருத்தியது. எந்தப் பேச்சு ஆபத்தற்றது, எதைத் தொடக்கூடாது, தவறித் தொட்டுவிட்டால் இரு பக்கத்தாரும் அதைக் காணாதவர் போல எவ்வாறு கடந்து செல்வர் என்பனவெல்லாம் அங்கே விரிவாக எழுதப்பட்டுள்ளன. வெள்ளவத்தை அனெக்ஸில் நாங்கள் நான்கு மாதமாக இடியப்பத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டுமே பேசியதன் காரணத்தை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். ஸ்ட்ராஸ் தாமும் நண்பர் ஒருவருக்கு அவருடைய இறப்பை மறைக்கும் ஏற்பாட்டில் பங்கு கொண்டிருந்தவர் என்று அறிந்தது எனக்கு ஒருவகை ஆறுதலாயும் இருந்தது.

நிற்க. அந்த ஆய்வுக் குழுவில் மூன்றாமவர் ஒருவர் இருந்தார் என்பதை அந்நூலின் வழியாகவே அறிந்தேன். அவர் ஜீன் குயின்ற் என்னும் தாதி. எங்கள் விரிவுரைக் குறிப்புகளில் அவர் பெயரை நான் கண்டதில்லை. முறையைப் பற்றிப் படிக்கும்போது களத்தை மறந்துவிடுவது நம்மிடம் உள்ள பழக்கம். களத்தை மறந்தால் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவரையும் மறந்துவிடுவோம். நூலகப் பட்டியலில் அவரைத் தேடுவதும் எளிதன்று. 1970ஆம் ஆண்டளவில் திருமணத்தின் பின் பெனோலியல் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டமையால், முன்னைய எழுத்துகள் ஓரிடத்திலும் பின்னையவை வேறோரிடத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. ஆண் ஆய்வாளர் எவருக்கும் இச்சங்கடம் நேர்வதில்லை.

அவர் 1919ஆம் ஆண்டு கலிபோர்னியாவிற் பிறந்தவர். 1941இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு வைத்தியசாலையோடு சேர்ந்த பயிற்சிக் கல்லூரியில் தாதியாகத் தேறி, இரண்டாம் உலகப் போரில் இராணுவத் தாதியர் படையிற் பணிபுரிந்தார். போர் முடிந்த பின்னரே பல்கலைக்கழகம் புகுந்தார்: இளமாணிப் பட்டம் 1948, முதுமாணிப் பட்டம் 1955, கலாநிதிப் பட்டம் 1969. ஐம்பதாம் வயதிற் கலாநிதியானவர் என்பதை நம்முட் சிலர் கவனித்தல் நன்று. தாதியர் ஆய்வு செய்வர் என்பதே அன்று பலருக்குப் புதுமையாய் இருந்தது. தாதி என்ற சொல்லுக்கு நம் பழைய வழக்கிலும் ஏவற்பெண் என்னும் பொருள் உண்டல்லவா? ஏவியதைச் செய்பவள் எவ்வாறு வினா எழுப்புவாள் என்ற எண்ணம் எங்கும் ஒன்றே போலும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ வளாகத்தில் தாதியர் கல்லூரிக்குத் தலைவியாய் இருந்த ஹெலன் நாம் என்பார் இவ்வெண்ணத்தை ஏற்காதவர். தாதியர்க்கு ஆய்வுப் பயிற்சி அளிக்கவென்று சமூகவியலாளராகிய ஸ்ட்ராஸை 1960ஆம் ஆண்டில் அங்கே வரவழைத்தவர் அவரே. ஆகவே, நாம் பரீட்சைக்குப் படிக்கும் அப்பெருமுறை சமூகவியற் பீடத்தில் அன்றித் தாதியர் கல்லூரியின் கூரையின் கீழ் வளர்ந்தது.

குயின்ற் தனியே செய்த ஆய்வு மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்ற பெண்களைப் பற்றியது. அதன் அருமையை உணர அக்காலத்துச் சிகிச்சையைப் பற்றி ஒரு சொல் வேண்டும். அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹால்ஸ்ரெட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறையே ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக வழக்கிலிருந்தது. மார்பகத்தை மாத்திரமன்றி அதன் கீழுள்ள தசைகளையும் கக்கத்து நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றுவது அம்முறை. கட்டி என்று வந்த பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்தி, ஒரு துண்டை வெட்டிப் பரிசோதித்து, புற்றுநோய் என்று கண்டால் அந்த மயக்கம் தெளியுமுன்னரே மார்பகத்தையும் அகற்றிவிடுவார்கள். கட்டிலில் ஏறும்போது தனக்கு என்ன நோய் என்பதை அப்பெண் அறியாள். கண் விழித்ததும் நெஞ்சிலே கையை வைத்துத் தடவித்தான் அறிவாள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் கூட்டிய நிபுணர் குழு இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு கூறியது 1979ஆம் ஆண்டிலேயே.

அத்தகைய பெண்களை, சிகிச்சைக்குப் பின் ஓராண்டு காலம் தொடர்ந்து சந்தித்து, அவர்கள் சொன்னவற்றை குயின்ற் எழுதிக்கொண்டார். 1963ஆம் ஆண்டில் அமெரிக்கத் தாதியர் சஞ்சிகையில் அது கட்டுரையாக வெளிவந்தது. அவர் கண்டது யாதெனில், அப்பெண்களை வாட்டியது இழந்த உறுப்பு மாத்திரம் அன்று. எவ்வளவு காலம் இருப்போம், நோய் திரும்ப வருமா என்னும் வினாக்கள் இரவும் பகலும் அவர்களோடிருந்தன. அவற்றைப் பேசுவதற்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. 1965இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையில் அதற்கான காரணத்தை அவர் ஆராய்ந்தார். எவரும் கொடுமை செய்யவில்லை. வைத்தியர் விரைந்து வந்து விரைந்து சென்றார். தாதி கட்டு மாற்றினாள், கையை உயர்த்தப் பழக்கினாள். கேள்வி எழுந்தால் "டொக்டரைக் கேளுங்கள்" என்றாள். வீட்டார் வேறு பேச்செடுத்தனர். ஒவ்வொருவரும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்ததன் விளைவாகவே செய்தி நோயாளரை அடையாமற் போயிற்று. தகவலை அடக்கி வைத்தல் தனியொருவரின் குணக்கேடு அன்று, நிறுவனத்தின் அன்றாட வழக்கம் என்று அவர் எழுதியபோது, என் மனத்தில் மாமாவின் மீதிருந்த கோபம் ஓரளவு தணிந்தது. அது என் மீது திரும்பியது வேறு கதை.

அக்காலத்து வைத்தியர்கள் இதை மறைத்தல் என்று கருதவில்லை. சிக்காக்கோ நகரின் வைத்தியசாலை ஒன்றில் 219 வைத்தியரிடம் ஒருவர் கேட்டு 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, புற்றுநோய் என்பதை நோயாளருக்குச் சொல்லாமல் விடுவதே தம் வழக்கம் என்றவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவினர். 1979இல் வேறோரிடத்தில் அதே வினாவைக் கேட்டபோது, சொல்வதே வழக்கம் என்றவர்கள் நூற்றுக்கு 97 பேர். பதினெட்டே ஆண்டுகள்! இவ்வாறு ஒரு தொழிலின் அறவுணர்வு தலைகீழாவது அரிது. சிகிச்சைகள் முன்னேறியமை, நோயாளர் உரிமை பற்றிய இயக்கங்கள், சட்டம் எனக் காரணங்கள் பல. இரவு முழுவதும் கட்டிலருகே நின்றவர்களாகிய தாதியர் தம் சங்கடத்தைத் தாமே எழுதத் தொடங்கியமையும் அவற்றுள் ஒன்று என்பது என் துணிபு.

அச்சங்கடம் இலேசானதன்று. சொல்வதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர் வைத்தியர். தீர்மானித்துவிட்டு அவர் போய்விடுவார். எஞ்சிய இருபத்துமூன்று மணி நேரமும் அந்தப் பொய்யைக் காப்பது தாதியின் பொறுப்பு. 1967ஆம் ஆண்டில் குயின்ற் வெளியிட்ட நூல் தாதியையும் இறக்கும் நோயாளரையும் பற்றியது. பயிற்சிக் கல்லூரிகளில் மாணவியர்க்கு எது கற்பிக்கப்படுகிறது, எது கற்பிக்கப்படாமல் விடப்படுகிறது என்று அவர் அதிலே பார்த்தார். உயிரைக் காக்கும் நுட்பங்கள் யாவும் படிப்படியாகக் கற்பிக்கப்பட்டன. சாகப் போகிறேனா என்று ஒருவர் கேட்டால் என்ன செய்வது என்பது மாத்திரம் பாடத்திட்டத்தில் இல்லை. கற்பித்த ஆசிரியைகளும் அந்தப் பேச்சுக்கு அஞ்சினர். பத்தொன்பது இருபது வயதுப் பெண்கள் ஆயத்தமின்றி அக்கேள்வியின் முன் நிறுத்தப்பட்டனர். எனக்கும் அப்போது வயது பத்தொன்பதுதான். நான் தாதி அல்லள். ஆயினும் அந்த அதிகாரத்தைப் படித்தபோது அம்மாணவியரோடு ஒரே வாங்கில் இருந்தது போன்ற உணர்வு உண்டாயிற்று.

அறிவு எல்லோர்க்கும் ஒரே அளவில் மறுக்கப்படுவதில்லை என்பதையும் அந்தக் குழுவின் வேலை காட்டியது. 1964ஆம் ஆண்டில் கிளேசரும் ஸ்ட்ராஸும் எழுதிய ஒரு கட்டுரை, இறக்கும் நோயாளர் ஒவ்வொருவரையும் இவர் போனால் சமூகத்துக்கு எவ்வளவு இழப்பு என்று வைத்தியசாலையார் தம்மை அறியாமலே நிறுத்துப் பார்ப்பதை விவரிக்கின்றது. வயது முதன்மையான அளவுகோல். அதன் பின் தோலின் நிறம், கல்வி, தொழில், வர்க்கம், குடும்பநிலை, அழகுகூட. பெரிய இழப்பு என்று கருதப்பட்டவருக்குக் கூடிய கவனிப்பு. சிறிய இழப்புக்குக் குறைந்த கவனிப்பு. சுகாதாரச் சமத்துவம் என்று இன்று ஒரு தனித்துறையாகப் பேசப்படுவதன் வித்துகளில் ஒன்று அங்கே கிடக்கின்றது. வயதான, படிக்காத, மொழி தெரியாத ஒருத்தியை அத்தராசில் வைத்தால் முள் எங்கே நிற்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

தகவலும் வழித்துணையும் உயிரோடு எவ்வளவு தொடர்புடையன என்பதற்கு ஹார்லெமில் நடந்தது சான்று. நியூயோர்க் நகரின் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த அப்பகுதியின் பொது வைத்தியசாலையில், 1986ஆம் ஆண்டுவரையான இருபத்திரண்டு ஆண்டுகளில் சிகிச்சை பெற்ற 606 மார்பகப் புற்றுநோயாளருள் ஐந்தாண்டு உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 39 பேர் மாத்திரமே. பாதிப்பேர் வரையில் நோய் முற்றிய நிலையில் வந்தவர்கள். சத்திரசிகிச்சை நிபுணராகிய ஹரோல்ட் ஃப்ரீமன் இலவசமாகவோ குறைந்த செலவிலோ பரிசோதனை கிடைக்கச் செய்ததோடு, 1990ஆம் ஆண்டில் ஓர் எளிய ஏற்பாட்டையும் தொடங்கினார்: சந்தேகத்துக்குரிய முடிவு வந்த ஒவ்வொருவருக்கும் சிகிச்சை முடியும் வரை கூடவரும் ஒருவர். எங்கே போவது, யாரைக் கேட்பது, எந்தப் படிவத்தை நிரப்புவது என்று சொல்லிக்கொடுக்கும் ஆள். பின்னர் வந்த நோயாளருள் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் நூற்றுக்கு 70 பேர். புதிய மருந்து எதனாலும் மாத்திரம் இத்தாவல் நிகழ்ந்ததன்று.

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். நோயாளரிடம் எல்லாவற்றையும் சொல்லுதல் மேல்நாட்டார் வழக்கம். நம்மவர்க்குக் குடும்பமே முடிவெடுக்கும் என்று மாமா இன்றும் சொல்வார். இது வெறும் வாதமன்று. 1995ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நான்கு இனங்களைச் சேர்ந்த 800 முதியோரிடம், பரவிவிட்ட புற்றுநோயை நோயாளருக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்டனர். ஐரோப்பிய வழியினருள் 87 வீதத்தினரும் ஆபிரிக்க வழியினருள் 88 வீதத்தினரும் சொல்ல வேண்டும் என்றனர்; மெக்சிக்க வழியினருள் அது 65 வீதம்; கொரிய வழியினருள் 47 வீதம். ஆகவே மாமாவின் கட்சிக்கும் ஆள் உண்டு. ஆனால் அந்த எண்ணையே நான் மறுபக்கம் புரட்டிப் பார்க்கிறேன். கொரிய முதியோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அறிய விரும்பினர். யார் எந்தப் பாதி என்பதை இனத்தை வைத்து எப்படித் தெரிந்துகொள்வது? அவரைத்தான் கேட்க வேண்டும். எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள் என்று கேட்பதும் ஒரு கேள்விதான். நானோ அதையும் கேட்கவில்லை, அவர் கேட்கச் சொன்ன கேள்வியையும் கேட்கவில்லை.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது என் குற்றம் ஆதலால். அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் மாநிலத்தில், ஸ்பானிய மொழி பேசும் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவரும் ஒரு சிகிச்சை நிலையத்தில், 13 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். 2003ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளிவந்தது. சராசரியாக ஒரு சந்திப்பில் மொழிபெயர்ப்புப் பிழைகள் 31. அவற்றுள் மிகுதியானவை விட்டுவிடுதல்கள். பயிற்சி பெறாதவர் மொழிபெயர்த்தபோது ஆபத்தான பிழைகள் கூடின. அப்பட்டியலிலே என்னுடையதையும் சேர்த்தால் எந்த வகையில் அடங்கும் என்று யோசித்தேன். விட்டுவிடுதலா, கூட்டிச் சொல்லுதலா, மாற்றிச் சொல்லுதலா? மூன்றும் என்றே தோன்றுகிறது. வைத்தியர் ஏறக்குறைய நான்கு நிமிடம் பேசினார். என் தமிழ் ஒரு வரி.

குயின்ற் பெனோலியல் 1970ஆம் ஆண்டில் சியற்றில் நகருக்குச் சென்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். அவருடைய வாழ்வின் பிற்பகுதி எனக்கு முற்பகுதியிலும் பெரிதாகத் தோன்றுகிறது. முன்னே அவர் குறையைக் கண்டு எழுதினார். பின்னே அதற்கு மாற்றாக ஒன்றைக் கட்டிப் பார்த்தார். புற்றுநோய் என்று அறிந்த நாள் முதல் இறுதி நாள் வரை நோயாளரோடும் வீட்டாரோடும் தொடர்ந்திருக்கக்கூடிய தாதியரைப் பயிற்றும் பட்டப்பின் படிப்பை அங்கே அமைத்தார். வைத்தியசாலைக் கட்டிலிலிருந்து வீட்டுக் கட்டிலுக்கு மாறும்போது நோயாளர் எவருடைய பொறுப்பிலும் இல்லாமற் போகும் இடைவெளியே அவர் நிரப்ப முயன்றது. வீட்டுக்குச் செல்லும் தாதி வரவேற்பறையையும் சமையலறையையும் காண்கிறாள். யார் யாரிடம் எதை மறைக்கிறார் என்பதையும் காண்கிறாள்.

அங்கே அவருடன் பணிபுரிந்த ரூத் மக்கோர்க்கிள் வியட்நாம் போரில் விமானப்படைத் தாதியாக இருந்தவர். இவ்விருவரும் வேறு சிலரும் சேர்ந்து செய்த ஒரு பரிசோதனை 1989ஆம் ஆண்டில் வெளிவந்தது. நுரையீரற் புற்றுநோய் முற்றிக்கொண்டிருந்த 166 பேரைச் சீட்டுக் குலுக்கியது போல மூன்று பகுதியாக்கினர். ஒரு பகுதியினர் வழமை போல வைத்தியரின் அறைக்கே சென்றனர். மற்றிரு பகுதியினரின் வீடுகளுக்குத் தாதியர் சென்றனர். தாதியர் சென்ற வீடுகளில் நோவும் தவிப்பும் ஆறு கிழமை தாமதித்தே கூடின. பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையும் அவ்வாறே தாமதித்தது. சாகும் ஒருவருக்கு ஆறு கிழமை என்பது எவ்வளவு என்பதை அருகிருந்து பார்த்தவர் அறிவர். அம்மம்மாவுக்கு ஊரில் கிடைத்தது மூன்று.

அதே பரிசோதனையில் நான் மீண்டும் மீண்டும் திரும்பிப் படித்த முடிவு வேறொன்று. உங்கள் உடல்நிலை எப்படி என்று கேட்டபோது, தாதியர் சென்ற வீட்டு நோயாளர், காலம் செல்லச் செல்ல, மோசமாகிறது என்றே சொல்லி வந்தனர். தவிப்புக் குறைவு, ஆனால் தம் நிலை பற்றிய மதிப்பீடு மோசம். முதலில் இது முரணாகத் தோன்றியது. பின்னர் எனக்கு விளங்கிய அளவில், அவர்கள் உள்ளதை உள்ளபடி அறிந்திருந்தார்கள், அறிந்தும் தவிக்காமல் இருந்தார்கள். தெரிந்தால் நாளைக்கே போய்விடுவார் என்ற மாமாவின் வாக்குக்கு, அவர் அறியாமலே, சியற்றிலில் 1989ஆம் ஆண்டிலேயே ஒரு மறுமொழி எழுதப்பட்டிருந்தது. மக்கோர்க்கிள் பின்னாளில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய 375 முதியோரிடம் இவ்வழியைத் தொடர்ந்தார். நோய் முற்றியவர்களுள், தாதியர் வீட்டுக்கு வந்து பார்த்தோரில் 67 வீதத்தினர் இரண்டாண்டு உயிரோடிருந்தனர். ஏனையோரில் 40 வீதத்தினர். அந்த ஆய்வு வெளிவந்தது 2000ஆம் ஆண்டில். பெனோலியல் 2012இலும் மக்கோர்க்கிள் 2019இலும் காலமாயினர்.

கடந்த விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, இவற்றையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்படி வாசலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஆய்வுகளைப் பற்றிச் சொன்னதை "உம்" கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், வைத்தியர் கேட்கச் சொன்ன கேள்வியை நான் முதன்முறையாகத் தமிழிற் சொன்னபோது சுளகை மடியில் வைத்தார். இத்தனை ஆண்டுகளாக அதை நான் எவருக்கும் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவருவதும் ஒரு வழி என்று அன்றே அவர் சொன்னார் என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது.

"கேட்டிருந்தா, வீட்டை கொண்டு போங்கோ எண்டுதான் சொல்லியிருப்பா" என்றார் அம்மா. சிறிது நேரங்கழித்து, "நாலு மாசம்" என்றார்.

பின்பு சுளகை மறுபடி கையிலெடுத்துக்கொண்டே சொன்னார்: "மாமாவுக்கு இதைச் சொல்லிப் போடாதை, பிள்ளை. அவன் தாங்க மாட்டான்."